பிள்ளைத்தாய்ச்சியின் பத்து மாதம்: யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா என்னைச் சுமந்திருந்த காலத்துப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமமே ஒன்றாகப் பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டியபோது அந்தக் கூட்டத்தில் அவரும் நடந்தார். வயிற்றில் நான் ஏழு மாதம். அல்பங்கள் அலுமாரியோடு போய்விட்டன. கையில் மிஞ்சிய துணிகளுள் ஒன்று வெளிர்நீல நூல்சேலை. தை மாதம் தென்மராட்சியில் ஓர் உறவினர் வீட்டுக் கூரை வளையில் அதையே ஏணையாகக் கட்டி என்னைக் கிடத்தினார்கள்.

இப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை. ஏழாம் மாதம் நடக்கிறது. முதற்பிள்ளையின்போது செய்யத் தவறியவற்றை இந்த முறை ஒழுங்காகச் செய்துவருகிறேன். நாளை எப்படி வகுப்பது, கையால் என்ன செய்து வைப்பது, படம் எப்படி எடுப்பது, குடும்பத்தோடு எங்கே போய்வருவது என்ற நான்கையும் சேர்த்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நான்காம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் முடியும்வரைதான் உடம்பு நமக்கு இடம் தரும். தையல், படம், பயணம் எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்துக்குள் கொண்டுவாருங்கள். “வளைகாப்பு முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று தள்ளினால் பிறகு முதுகு விடாது.

முதல் மூன்று மாதம்: பதிவும் ஓய்வும்

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடுங்கள். 8 வாரத்துக்குள் பதிவது நல்லது. இரத்த வகை, இரும்புச் சத்து, சீனி எல்லாம் பார்த்து அட்டை எழுதித் தருவார்கள். அந்த அட்டை இனிமேல் உங்கள் கைப்பையைவிட்டு இறங்கக் கூடாது. கடைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கூடவே வரட்டும். நான் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதல் பக்கத்தைக் கைத்தொலைபேசியிலும் படமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வாந்தியும் தலைச்சுற்றலும் இருக்கும் இந்த நாள்களில் பெரிய வேலை எதையும் தொடங்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி, நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். என்ன சாப்பிட முடிந்தது, எந்த மணம் ஒத்துக்கொள்ளவில்லை, யார் வந்து பார்த்தார்கள். அது போதும்.

ஒரு நாளை வகுக்கும் முறை

யாழ்ப்பாணத்து வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது, ஒதுங்கித்தான் வாழ வேண்டும். விடிய 5.30 முதல் 9 மணிவரை நடை, முற்றம், சமையல். 11 முதல் 3.30 வரை உள்ளே, 4.30க்குப் பிறகு மறுபடி வெளியே. கிணற்றடியில் துலாவோ வாளியோ இழுப்பதை விட்டுவிடுங்கள். பாசி படிந்த சீமெந்துத் தரைதான் அங்கே உண்மையான ஆபத்து. ஒரு தும்புத்தடியால் வாரம் ஒருமுறை யாரையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

குடிதண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் குடாநாட்டில் ஓடுகிற ஆறு என்று சொல்ல மழைக்கால வழுக்கியாறு மட்டுமே உண்டு. மற்றபடி சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். வெங்காயமும் புகையிலையும் பயிராகும் வலிகாமத்துத் தோட்டங்களில் போடும் உரம் அந்த நீரில் நைத்திரேற்றாக இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். பால்மாவைக் கரைத்துக் கொடுக்க நேரும் கைக்குழந்தைக்கு இது கேடு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி அது இன்னும் செறியும். தோட்டக்கரைக் கிணறாக இருந்தால் பிள்ளை பிறக்குமுன் நீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்குகிற பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய. தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்து, தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். கல்சியம் குளிசையும் அதே வேளையில் வேண்டாம். ஒன்றைக் காலையில் எடுத்தால் மற்றதை இரவில் எடுக்கலாம். கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷா கிடைத்தால் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டையாகப் பிடித்து வையுங்கள். நாலு மணிப் பசிக்கு அதைவிட நல்ல பலகாரம் இல்லை. முருங்கையிலை வறை, குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை எல்லாம் நன்று. பப்பாப்பழம் பழுத்திருந்தால் பயமில்லை. காயைத்தான் தவிர்க்க வேண்டும். மீனில் சூடை, சாளை, நெத்தலி போன்ற சிறியவற்றை விரும்பிச் சாப்பிடுங்கள். பெரிய சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பெற்ற பிறகு பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது எங்கள் வழக்கம்தான். அதையும் ஒருமுறை வைத்தியரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்காலம், டெங்குக் காலமும் அதுவே. இந்த நுளம்பு பகலிலும் கடிக்கும். வளவில் கிடக்கும் சிரட்டை, தகரம், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சல் கண்டால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு வலிக்குளிசை எதையும் தாமாக எடுக்கக் கூடாது.

கைவேலை ஒன்று: பழைய சேலையில் விரிப்பு

பிள்ளை பிறக்குமுன் சாமான் வாங்கக் கூடாது என்று அப்பம்மா இன்றும் சொல்வார். அதை மறுத்து மனம் நோகச் செய்யத் தேவையில்லை. வீட்டிலிருக்கும் பழைய துணியைத் தைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, பிஞ்சுத் தோலுக்கும் பலமுறை தோய்த்த நூல்துணிதான் இதம்.

இரண்டு நூல்சேலையும் ஒரு பழைய வேட்டியும் எடுங்கள். நைலோன் கலந்தது வேண்டாம். சுடுநீரில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். 80 சென்ரிமீற்றர் அகலம், 105 சென்ரிமீற்றர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். மேலும் கீழும் சேலைத் துண்டு, நடுவில் வேட்டித் துண்டு இரண்டு. தரையில் விரித்துச் சுருக்கம் நீக்கிக் குண்டூசி குத்துவதற்கு இன்னொருவர் வேண்டும். குனிந்து செய்யும் அந்தப் பகுதியை நீங்கள் செய்யாதீர்கள். பிறகு பெரிய பெரிய தையலாக நூலோட்டிக் குண்டூசிகளைக் கழற்றி எண்ணிப் பாருங்கள்; குத்தியது இருபது என்றால் கழற்றியதும் இருபதாக இருக்க வேண்டும்.

இனிக் கதிரையில் சாய்ந்து, காலை ஒரு சிறு பலகையில் உயர்த்தி வைத்துக்கொண்டு தைக்கலாம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நெல்மணி நீளத்துக்கு ஒரு தையலாக, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு வரிசை. ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் பொம்மிவிடும். நாளுக்கு நான்கு வரிசை போதும், ஒரு மாதத்துக்குள் முடியும். கடைசியில் நான்கு ஓரத்தையும் இருமுறை மடித்து, மடிப்புத் தெரியாமல் ஒளித்துத் தையுங்கள்.

என் விரிப்பின் ஒரு மூலையில் அந்த வெளிர்நீலச் சேலையின் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். அதில் கறுப்பு நூலால் யாரோ அவசரமாக ஒட்டுப்போட்ட இடம் ஒன்று உண்டு. எங்கே கிழிந்தது, யார் தைத்தது என்று அம்மாவுக்கே நினைவில்லை. அந்த ஒட்டை நான் பிரிக்கவில்லை.

இந்த விரிப்பு தரையில் விரித்துப் பிள்ளையைக் கிடத்தி விளையாட்டுக் காட்டவும், எண்ணெய் பூசவும் மட்டுமே. உறங்கும் பிள்ளைக்குமேல் போர்த்த வேண்டாம். முதல் ஆண்டில் தளர்வான போர்வை மூச்சை அடைக்கலாம். ஏணையும் அப்படித்தான். தாடை நெஞ்சில் படும்படி சுருண்டுவிட்டால் மூச்சு முட்டும். யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் ஏணை, இரவு உறக்கத்துக்குச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துதல். ஏணையில் வளர்ந்தவள் நான். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கைவேலை இரண்டு: தடுக்கு இழைத்தல்

கைக்குழந்தையைக் கிடத்தும் சின்னப் பனையோலைப் பாய்தான் தடுக்கு. பெரிய பாய் இழைக்கக் கைப்பழக்கம் வேண்டும். தடுக்கைப் பார்த்துப் பழகியே இழைத்துவிடலாம். ஓலை வெட்டுவதும் சாயம் காய்ச்சுவதும் உங்கள் வேலை அல்ல. சாயம் வேண்டாம் என்பதே என் எண்ணம், பிள்ளை எப்படியும் அதை வாயில் வைக்கும்.

குருத்தோலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் போட்டால் பச்சை நீங்கி வெளிறும். ஈர்க்கை நீக்கி, அரை விரல் அகலத்துக்கு வார்ந்துகொள்ளுங்கள். ஓரம் கூரென்பதால் பெருவிரலில் ஒரு துணி சுற்றுங்கள். இழைப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு ஈரத்துணியில் சுருட்டி வைத்தால் ஓலை வளைந்துகொடுக்கும். காய்ந்த ஓலை மடிப்பில் முறியும். எட்டு ஓலையை அருகருகே பரப்பி, இன்னோர் எட்டைக் குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று நுழைத்துவிடுங்கள். அது ஒரு சிறு சதுரமாகும். அதிலிருந்து இரு பக்கமும் ஓலை சேர்த்துக்கொண்டே போனால் தடுக்கு மூலைவாட்டில் வளரும். விளிம்புக்கு வந்த ஓலையை மடித்து உள்ளே திருப்பி, மூன்று கண்ணுக்குள் செருகி, மிச்சத்தை ஒட்ட நறுக்குங்கள்.

முதல் முயற்சிக்கு 30 சென்ரிமீற்றர் சதுரம் போதும். பெரியம்மா என் பக்கத்தில் இருந்து இழைத்தபோது அவருடைய இடது பெருவிரல் ஒவ்வொரு கண்ணையும் ஒருமுறை அழுத்திவிட்டே அடுத்ததற்குப் போனது. அப்படி அழுத்தாததால் என் தடுக்கு தளர்ந்துபோயிற்று. இரண்டாவது சரியாக வந்தது. நேரமில்லாதவர்கள் ஆயத்தமாக வார்ந்த ஓலையைப் பாய் இழைக்கும் பெண்களிடம் கேட்டு வாங்கலாம்.

சம்மணமிட்டு நீண்ட நேரம் இருக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

படம் எடுத்தல்

முதற்பிள்ளையின்போது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கைத்தொலைபேசியில் இருந்தன. அது கிணற்றுக்குள் விழுந்தது. அச்சிட்டு வைத்திருந்த ஏழு படம்தான் மிச்சம். ஆகவே முதல் வேலை, படத்தைப் பாதுகாக்க ஓர் ஒழுங்கு செய்வது. ஒவ்வொரு மாதமும் படங்களை வேறொரு கருவிக்கு மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சாதாரணமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துபோகும். மாதத்துக்கு ஒரு படத்தையாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் திகதியும் இடமும் எழுதுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும்.

அடுத்தது இடம். வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்து, மாதத்தின் முதல் நாள் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே பக்கம் திரும்பி நில்லுங்கள். எனக்குத் தலைவாசலின் மூன்றாவது தரைக்கல். கமரா வைக்கும் இடத்தையும் சோக்கால் குறித்திருக்கிறேன். எட்டு ஒன்பது படங்களை வரிசையாக அடுக்கும்போது வயிறு மட்டும் வளர்வது தெரியும்.

எங்கள் வீடுகளில் மிக நல்ல வெளிச்சம் விறாந்தையில்தான் விழுகிறது. கூரை வெயிலைத் தடுக்கிறது, முற்றத்து வெள்ளை மணல் ஒளியைக் கீழிருந்து திருப்பி அனுப்புகிறது. காலை 7 முதல் 8.30 வரையும் மாலை 4.45 முதல் 5.45 வரையும் எடுங்கள். வேப்பமரத்தின்கீழ் எடுக்கலாம் என்று பலரும் நினைப்பார்கள். இலை இடுக்கால் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகப் படும். அடர்ந்த மாமர நிழல் அல்லது வீட்டு நிழல் மேல். உள்ளறையில் எடுத்தால் எல்லா மின்விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே யன்னலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் ஒளி மென்மையாகும். முகத்தின் மறுபாதி இருண்டால் அந்தப் பக்கம் வெள்ளைப் படுக்கைவிரிப்பை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடுப்பவர் கணவராகவோ தம்பியாகவோ இருக்கலாம். அவருக்குச் சொல்ல வேண்டியவை இவை. கண்ணாடிவில்லையைத் துணியால் துடைக்கட்டும். அருகில் வந்து எடுத்தால் மூக்கும் வயிறும் விகாரமாகப் பருக்கும், ஆகவே மூன்று மீற்றர் தள்ளி நின்று இரண்டு மடங்கு அண்மைப்படுத்தி எடுக்கட்டும். கமரா உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் வானமும் சேலையின் நிறமும் வெளிறிப்போகா. நீங்கள் முழுப் பக்கவாட்டில் நிற்காமல் கால்வாசி கமராவை நோக்கித் திரும்பி, பின்காலில் பாரத்தை வைத்து, ஒரு கையை வயிற்றின் கீழ் வையுங்கள்.

நிறுத்திவைத்து எடுக்கும் படங்களைவிட எனக்குப் பிடித்தவை வேலைக்கு நடுவில் எடுத்தவை. அம்மா என் தலைக்கு நல்லெண்ணெய் வைப்பது, ஓலை வாரும் கைகள், கிளினிக்கில் நாடா வைத்து வயிற்றை அளப்பது. கடைசிப் படத்துக்கு அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டேன். மற்றத் தாய்மார் யாரும் படத்தில் விழாதபடி எடுத்தோம்.

நாவூறு படும் என்று வீட்டார் அஞ்சினால் படத்தை வெளியே பகிராமல் அச்சிலேயே வைத்திருங்கள். படம் இருந்தால் போதுமே, ஊரெல்லாம் பார்க்க வேண்டுமென்று இல்லை.

குடும்பத்தோடு பயணம்

14 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் போய்வாருங்கள், அதுவும் கிளினிக்கில் கேட்டபிறகு. முதற்பிள்ளையின்போது எட்டாம் மாதத்தில் ஒரு நாள் வான் வண்டியில் கோயில் கோயிலாகச் சுற்றினோம். மலசலகூடம் இல்லாத நான்கு மணித்தியாலம், பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியது. அதனால் இந்த முறை அரைநாள் பயணங்கள் மட்டும்.

எனக்குப் பிடித்தது காரைநகர் வழி. காலை 6.30க்குப் புறப்பட்டுப் பொன்னாலைப் பாலத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இருபுறமும் ஆழமில்லாத கடல், வலைத் தடிகள், நாரைகள். குடும்பப் படத்துக்கு அந்த நேரத்து ஒளி அருமை. பிறகு கசூரினா கடற்கரை. நகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். கடல் வெகுதூரம் முழங்கால் அளவே இருப்பதால் அலையடிக்குப் பயமின்றிக் கால் நனைக்கலாம். 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

கீரிமலைக் கேணியில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. படியில் இருந்தபடி காலை நனைத்துக்கொள்ளுங்கள், இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். மாலையென்றால் பண்ணைப் பாலம். நகரத்திலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம், சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி இருந்தால் பிள்ளையோடு போய் நிறைவேற்றுங்கள். குறிகட்டுவான் துறையில் ஆடும் படகுக்குள் இறங்கி ஏறுவதே சிரமம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலையும் கூட. கடலில் இன்னும் தூரத்தில் இருக்கும் நெடுந்தீவை இப்போது நினைக்கவே வேண்டாம்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் சேலையோடு ஒருபக்கமாக இருந்து போவதை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள். காரில் போனால் ஆசனப்பட்டியின் கீழ்ப்பட்டி வயிற்றின் கீழே இடுப்பெலும்போடும், மேற்பட்டி மார்புகளுக்கு நடுவிலும் போக வேண்டும். வயிற்றுக்கு மேலே குறுக்காகப் போடக் கூடாது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கொழும்புக்குப் போயே ஆகவேண்டுமென்றால் இரவு பஸ்ஸைவிட ரயில் நல்லது. எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு. நடைபாதையோர ஆசனத்தை முன்பதிவு செய்யுங்கள்.

பையில் அட்டை, தண்ணீர்ப் போத்தல், பிட்டும் வாழைப்பழமும், மாற்றுத் துணி. இரத்தப்போக்கு, நீர் உடைதல், கடும் தலையிடி, கண் மங்குதல், முகவீக்கம் எது கண்டாலும் பயணத்தை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும்.

ஏழாம் மாதம் தாண்டிய பிறகு

28 வாரத்துக்குப் பிறகு மல்லாக்கப் படுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து படுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. பிள்ளையின் அசைவை எண்ணக் கிளினிக்கில் சொல்லித்தருவார்கள். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த வேளையிலேயே புறப்படுங்கள்.

36 வாரத்துக்குள் வைத்தியசாலைப் பையைக் கட்டி வையுங்கள். அட்டை, ஸ்கான் அறிக்கைகள், அடையாள அட்டை மேலே இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் இரவுச்சட்டைகள், பழைய நூல்துணியில் வெட்டிய பிள்ளைத் துண்டுகள் பன்னிரண்டு, தொப்பி, ஒரு துவாய், பிளாஸ்க், கைத்தொலைபேசி மின்னேற்றி. தைத்த விரிப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வைத்தியசாலைச் சலவையில் மாறிப்போகலாம்.

புறப்படும் நாளில் வலி இடம் கொடுத்தால் படலையடியில் ஒரு நிமிடம் நின்று கடைசிப் படத்தை எடுத்துவிடுங்கள். எனக்கு அதில் அம்மாவும் பக்கத்தில் நிற்க வேண்டும். இப்போதே தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.